டயர் கடன்

ஜனவரி. கொளுத்தும் கோடை.
செவெட்டின் இடப்பக்கக் கண்ணாடி இறங்காது,
வலப்பக்கத்தது ஏறாது.
எண்பத்திரண்டாம் வருட மாடல், வெளிறிய பச்சை.
நோட்டரி தந்த தாளில்
எங்கள் இருவருக்கும் பாதிப் பாதி.

எதெமாரை எனக்கு இருபத்தாறு நாளாகத் தெரியும்.
அப்பாவின் மூக்கு அவனுக்கு.
அதைப் பார்க்காமலிருக்கச்
சாலையைப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.
"லகூனாவில் ஒருத்தர் வாங்கிக்கிறேன்னார்.
கரையோரமாவே போயிடலாம்,
நெடுஞ்சாலை இதுக்குத் தாங்காது" என்கிறான்.

குரிதிபாவிலிருந்து மலையிறங்கும்போது காது அடைத்தது.
திறந்தபோது தவளைச் சத்தம்,
இஞ்சிப்பூ வாசம், ஈரம்.
மொரெத்தெஸில் கரும்புச்சாறு குடித்தோம்.
என்னுடையதற்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டான்.
என் பங்கை நாணயமாக டாஷ்போர்டில் வைத்தேன்.
அவன் எடுக்கவில்லை.
அதன்பின் ஒவ்வொரு வளைவிலும்
அவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டன.

குவாரதுபாவில்
சாலை தண்ணீருக்குள் போய் நின்றுவிடுகிறது.
எதிர்க்கரையில் அதே சாலை ஏறிப் போகிறது
ஒன்றும் நடக்காததுபோல.
மிதவைப் படகில் வாழைத்தார் லாரி ஒன்று,
இரண்டு சைக்கிள், மடியில் கல்யாணக் கேக்கோடு ஒருவர்,
நாங்கள்.
சீட்டுக் கிழிக்கும் பெண்
எண் பலகையைப் பார்த்தாள், எங்களைப் பார்க்கவில்லை.
"ஒரீதெஸ் எங்கே?
என் டயர் ஒன்று அவர்கிட்ட இருக்கு.
திங்கட்கிழமை தர்றேன்னார், மூணு வருஷமாச்சு."

ஒரே நேரத்தில் வாய் திறந்தோம்.
நான் "இறந்துட்டார்" என்றேன்.
அவன் "எந்தத் திங்கள்?" என்றான்.

பின்பெட்டியில் தேடினோம். இருந்தது.
வெள்ளைப் பெயின்டில் துல்சே என்று எழுதிய டயர்,
அதற்கடியில் தூண்டில் நரம்பு,
ஓத நேரங்கள் அச்சிட்ட ஒரு பழைய காலண்டர்.
துல்சே அதை ஒற்றைக் கையால் உருட்டிக்கொண்டு போனாள்.
படகு கரையைத் தட்டும்வரை
யாரோடும் பேசாமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

டயரைக் கொடுத்தவர்களுக்கு டயர் வெடிக்குமா வெடிக்காதா?
சாவோ பிரான்சிஸ்கோ தீவுக்குள் நுழைந்து
முழுசாய் ஒரு மைல்கூடப் போகவில்லை.
பஞ்சர் கடையில் ஆளில்லை. பலகை இருந்தது:
'ஓதம் ஏறியதும் வருகிறேன்.'

அலையாத்தி வேர்களுக்கு மேலே
ஒரு கவிழ்த்த தோணியில் காத்திருந்தோம்.
சேற்றில் நண்டுகள் ஒற்றைக் கொடுக்கை ஆட்டி
யாரையோ கூப்பிட்டன, பிறகு ஒளிந்துகொண்டன.
"எங்களுக்குத் திங்களும் செவ்வாயும்" என்றான்.
"எங்களுக்கு வியாழன் ராத்திரியிலிருந்து சனி."
ஞாயிறு சாலையில் என்று வைத்துக்கொள்ளலாம்.
புதன்?
இரண்டு பேரும் கழிமுகத்தைப் பார்த்தோம்.
தண்ணீர் சத்தமில்லாமல்
எங்கள் செருப்பு வரைக்கும் வந்திருந்தது.

லகூனாவில் வாங்குகிறவர்
கால்வாய்க்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்,
வீச்சுவலை தோளில், அவரோடு பத்துப்பேர் வரிசையாக.
ஓங்கில் ஒன்று மடவைக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து
முதுகை வளைத்துச் சட்டென்று முங்கியது.
அதுதான் சாடை.
பதினொரு வலைகளும் ஒன்றாய் விரிந்தன.
மீன் யாருக்கு எவ்வளவு என்று
ஓங்கிலுக்கும் அவர்களுக்கும் இடையில்
எந்தத் தாளும் இல்லை.

ஈரக் கையால் பணத்தை எண்ணினார்.
ஒட்டிக்கொண்ட நோட்டுகளை உரித்து உரித்துப் பிரித்தோம்.
மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தான் எதெமார்.
அவர் வண்டியைத் திருப்பினார்.
முனையில், திறந்த கண்ணாடி வழியே
நாணயங்கள் உருண்டோடும் சத்தம் கேட்டது.
இருவரும் ஓரடி எடுத்துவைத்து, நின்றுவிட்டோம்.

பேருந்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம்.
வெயிலில் அவன் மூக்குத் தோல் உரிந்திருந்தது.
"உனக்கும்தான், நீல்செ" என்றான்.
தொட்டுப் பார்த்தேன்.